ஊசி குத்தினா கேன்சர் பரவிடுமா? பயாப்ஸி பயமும் உண்மையும்

"கட்டியில ஊசி வைக்காதீங்க, பரவிடும்." சேலம் அம்மாபேட்டை தறிக்கூடமா இருந்தாலும் சரி, சென்னை ஐடி ஆபீஸா இருந்தாலும் சரி, கட்டின்னு சொன்னதும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க. அதைக் கேட்டு டெஸ்ட்டைத் தள்ளிப்போடுறதுதான் உண்மையான ஆபத்து.

முதல்ல, அந்த ஊசி என்ன செய்யுதுன்னு பார்ப்போம். மார்பகக் கட்டின்னா, அந்த இடத்தை மரத்துப்போக வச்சுட்டு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கிட்டே டாக்டர் ஊசியை உள்ளே செலுத்துவார். ஊசி திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். கட்டியைத் தொட்டதும் 'டப்'புனு ஒரு சத்தம். நூல் துண்டு மாதிரி கொஞ்சம் சதை வரும். தையல் கிடையாது, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். நுரையீரல் போல ஆழமான இடம்னா சிடி ஸ்கேன் துணையோட எடுப்பாங்க.

சரி, பரவுமா? ஊசி போன வழியில் செல்கள் ஒட்டுவது அரிதாக நடப்பதுண்டு. கல்லீரல் கட்டிகளில் இது 100 பேரில் சுமார் 3 பேர் வரை பதிவாகியிருக்கு. அதனாலதான் கல்லீரல்ல பல நேரம் ஸ்கேனை வைத்தே முடிவு செய்றாங்க. விதைப்பைக் கட்டியில் ஊசி குத்துவதையும் தவிர்க்கிறாங்க. ஆனா 2015இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2,000க்கும் மேற்பட்ட கணையப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தப்போ, ஊசிப் பரிசோதனை செய்துகொண்டவர்களின் ஆயுள் குறையலை.

"ஊசியே வேண்டாம், நேரா அறுத்து எடுத்துடுங்க"ன்னு கேட்பதுதான் பெரிய தப்பு. என்ன வகைக் கேன்சர்னு முன்னாடியே தெரிஞ்சா, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, சிலருக்கு மார்பகத்தையே காப்பாத்தலாம். தெரியாம எடுத்தா மறுபடி ஆபரேஷன் வரலாம்.

இதே ஊசி வைத்தியமும் பார்க்குது. கல்லீரல்ல 3 செ.மீ.க்குள் இருக்கும் சில கட்டிகளுக்குள் ஊசியைச் செலுத்தி, நுனியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி செல்களைக் கருக்கிடுறாங்க. எல்லாக் கட்டிக்கும் இது பொருந்தாது.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க அதை ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும். சந்தேகம் இருந்தா 104க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.