வணிகர் தளமும் விழிப்புலனற்றோர் உரிமையும்

எம்மிடம் தமிழ் கற்று, பின்னர் நோயினாற் பார்வையிழந்த மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எம்மைக் காண வந்திருந்தார். தாயாருக்குச் சேலை வாங்கவேண்டி இணையக் கடை ஒன்றினுட் புகுந்து, விலையறிந்து, முகவரி எழுதி, இறுதிப்படி வரை சென்ற கதையை அவர் கூறினார். பணஞ்செலுத்தும் பொத்தானுக்கு அக்கடையார் பெயரிட்டிலர். கணினி அவர் செவியிற் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் உரைத்ததாம். "சேர், கையிற் காசிருந்தது; கடையும் திறந்திருந்தது; கதவு எங்கேயென்றுதான் தெரியவில்லை" என்றார். அச்சொல் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வணிகர் பலர் ஆதலின், அதனையே ஈண்டுப் பொருளாகக் கொண்டோம்.

விழிப்புலனற்றோர் கணினியைச் செவியாற் படிப்பர். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும். அவற்றுள் ஒன்றாகிய என்விடிஏ, அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இளைஞர் ஒருவர் 2006 இல் தொடக்கியது; இலவசமாகவே கிடைப்பது. ஆயின் படத்துக்கு விளக்கவுரை எழுதப்படாவிடின் அப்படம் செவிக்கு எட்டாது. படிவத்தின் கட்டங்களுக்குப் பெயரில்லையேல் எங்கே எதனை எழுதுவதென்று தெரியாது. விசைப்பலகையால் இயங்காத பட்டியலோ பூட்டிய அறைபோலாகும். இக்குறைகளைக் களையும் நெறிகளை, வலையின் நியமங்களை வகுக்கும் உலக அமைப்பு 1999 இல் வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவற்றைப் புதுக்கியது. ஆகவே வழியறியாமை இன்று ஒரு காரணமாகாது. அவ்வழியிற் செல்லும் கடப்பாட்டைச் சட்டம் தெளிவாகக் கூறுகின்றதா என்பதே வினா.

அமெரிக்க ஐக்கிய நாடு 1990 இல் வலதுகுறைந்தோர்க்கான சட்டமொன்றை இயற்றியது. பொதுமக்கள் வந்துசெல்லும் வணிக இடங்களில் அவரை வேறுபடுத்தல் ஆகாது என்பது அதன் ஒரு பகுதி. இணைய வணிகம் தோன்றுமுன் எழுதப்பட்ட அச்சட்டத்தின் 'இடம்' என்னுஞ் சொல், இணையத்தளத்தையும் தழுவுமோ என்பது பின்னர் வழக்காயிற்று. டார்கெட் என்னும் பெருங்கடைக்கு எதிராக 2006 இல் விழிப்புலனற்றோர் தொடுத்த வழக்கு, 2008 இல் அந்நிறுவனம் 60 இலட்சம் டொலர் ஒதுக்க உடன்பட்டதோடு முடிந்தது. டொமினோஸ் பீட்சாவின் தளத்தில் உணவு கேட்க இயலாத ஒருவரின் வழக்கில், கடையோடு தொடர்புடைய தளத்துக்கும் சட்டம் பொருந்துமென ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. ஆயின் விண்-டிக்சி அங்காடியின் வழக்கில், தளம் இடமாகாது என்று பதினோராம் வட்டார நீதிமன்றம் 2021 இற் கூறியது; வழக்கே பயனற்றுப் போயிற்றென அவ்வாண்டிறுதியில் அத்தீர்ப்பைத் தானே நீக்கியது. ஒரு சொல்லின் பொருள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுமாயின், வணிகர் தம் கடமையை எங்ஙனம் அறிவர்? வாங்குவோர் தம் உரிமையை எங்ஙனம் கேட்பர்?

ஆதலின் சட்டம் இணைய வணிகத்தைப் பெயர்சுட்டியே கூறல் வேண்டும் என்பது எம் துணிபு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் வகுத்து, 2025 யூன் 28 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதி அவ்வாறே இணைய வணிகத்தையும் வங்கிச் சேவையையும் மின்னூலையும் பெயர்சொல்லிக் குறிக்கின்றது. பத்துப்பேரிற் குறைந்த பணியாளரும், 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத ஆண்டு வரவும் உடைய சிறு சேவையாளர்க்கு விலக்கும் அளிக்கின்றது. எம் பழைய மாணவர் பலர் வாழும் ஒன்ராறியோவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 50 பேருக்குக் குறையாத பணியாளரைக் கொண்ட நிறுவனங்களின் தளங்கள் 2021 சனவரி முதலாம் நாளுக்குள் நெறிப்படி அமைதல் வேண்டியதாயிற்று. எமது நாட்டிலோ, 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் பொதுமக்கள் புகும் கட்டடத்தையும் இடத்தையும் பற்றியே பேசிற்று. 2016 இல் எம் நாடு ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ இணையத்தையும் சேர்த்தே பேசுகின்றது. அவ்வுறுதியை எம் சட்டமும் சொல்லளவில் ஏற்றல் முறையாகும்.

"செலவு மிகுமே" என்பார் உளர். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கை நடத்தியோரும் அங்ஙனமே கூறினர். தளத்தைத் திருத்தப் பெருஞ்செலவும் நெடுநாள் உழைப்பும் வேண்டுமென்ற அவர் வாதத்தை மனித உரிமை ஆணைக்குழு ஏற்கவில்லை. முறையிட்ட விழிப்புலனற்றவருக்கு 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடும் வழங்கச் செய்தது. வீடு கட்டும்போதே வாயில் வைப்பதற்கும், கட்டியபின் சுவரை இடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாவரும் அறிவர். சிறுவணிகரை வழக்கால் அச்சுறுத்திப் பணம் பறிப்பாரும் உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. தெளிவான நெறியும் திருத்துதற்குரிய தவணையும் சட்டத்தில் இருப்பின் அத்தீமை குறையும். ஒரு மென்பொருளை ஒட்டினால் எல்லாம் சரியாகுமென்று விற்போரையும் நம்பவேண்டா. அவ்வாறு மிகைபடக் கூறிய நிறுவனமொன்றை 2025 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 10 இலட்சம் டொலர் செலுத்தவைத்தது.

தமிழில் வணிகஞ் செய்வார்க்கு இன்னுமொன்று கூறுதல் வேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவம் கண்ணுக்கு மட்டுமே உரியது. 'அம்மா' என்று நாம் காணும் இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளே உள்ளன. திரைவாசிப்பானுக்கு அம்மா அங்கே இல்லை. யூனிக்கோட்டில் எழுதினாலே அவள் அதற்குப் புலப்படுவாள். இவ்விழா மலரையும் வெறும் படங்களாக இணையத்தில் ஏற்றினால், எம் மாணவருக்கு இதுவும் கதவில்லாக் கடையே. அங்ஙனம் நேராதிருக்கச் சங்கத்தார் ஆவன செய்வார்களாக.

தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்றென்று வகுப்பிற் கற்பிக்கின்றோம். விழிப்புலனற்றோரைப் பற்றி நெடுங்காலம் படர்க்கையிலேயே பேசிவிட்டோம். இனியேனும் அவரை முன்னிலைப்படுத்தி, "எங்கே தடைப்படுகின்றீர்?" என்று வணிகர் கேட்டறிதல் வேண்டும். அதற்கு முன்னர், திரையை அணைத்துவிட்டுச் செவியொன்றையே துணையாகக் கொண்டு தம் கடையில் தாமே ஒரு பொருளை வாங்க முயன்று பார்ப்பாராக. கதவு எங்கேயென்று அப்பொழுது அவர்க்கும் விளங்கும்.