98 சதவீதம் எதில்?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளர் எழுந்து, வந்த புகார்களில் 98 சதவீதம் குறித்த நேரத்துக்குள் தீர்க்கப்பட்டன என்று வாசிப்பார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்போ எங்க பாத்ரூம் சீலிங் மட்டும் ஏன் சார் இன்னும் ஒழுகுது?" என்று கேட்பார். கூட்டத்தில் சிரிப்பு எழும், அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஒழுகலைப் பற்றிப் புகார் போகிறது. பிளம்பர் வந்து இணைப்பில் எம்-சீல் பூசிவிட்டுப் போகிறார். செயலியில் புகார் 'முடிந்தது' ஆகிறது. பத்து நாளில் மறுபடி ஒழுகுகிறது. புதுப் புகார், புது எண், மறுபடி எம்-சீல். இப்படி மூன்று முறை வந்த ஒரே ஒழுகல், அறிக்கையில் குறித்த நேரத்தில் தீர்த்த மூன்று புகார்களாக ஏறுகிறது. வேலை அரைகுறையாக இருக்க இருக்க சதவீதம் ஏறும் விசித்திரமான கணக்கு இது. இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் வேண்டாம். புகாரை முடித்துவைக்கும் உரிமையைப் புகார் கொடுத்தவரிடமே விட வேண்டும். ஒரே வீட்டில் ஒரே கோளாறு 30 நாளுக்குள் திரும்பி வந்தால் அது பழைய புகார், இன்னும் தீராத புகார் என்று எழுத வேண்டும். இந்த இரண்டு விதிகளை வைத்தால் 98 எங்கே போய் நிற்கும் என்பதைச் சங்கங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கோளாறின் வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் ஊரில் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தலைக்கணக்கு ஒப்பந்தங்கள். செக்யூரிட்டி இத்தனை பேர், ஹவுஸ்கீப்பிங் இத்தனை பேர், எலெக்ட்ரீஷியன் இரண்டு பேர். வராதவருக்குச் சம்பளப் பிடித்தம். ஆகவே நிறுவனம் எதை அளக்கிறது? ஆள் வந்தாரா, சுற்றிப் பார்த்தாரா, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாரா. வருகைப் பதிவேட்டைக் காட்டி இதுதான் மதிப்பெண் பட்டியல் என்று சொல்வதற்கு நிகர் இது. கட்டடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாகக்கூட இருக்காது.

கட்டடத்தின் நடத்தையை அளக்க எண்கள் வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் எதால் வகுப்பது என்றும் தெரிய வேண்டும். சென்னைக்காரர்களுக்கு மிக நெருக்கமான தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். "இந்த மாசம் நூத்தம்பது லாரி வாங்கினோம்" என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். அது அதிகமா, குறைவா? நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தரநிலைகள் வைத்திருக்கும் அளவு. அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. நூறு வீடு, வீட்டுக்குச் சராசரி மூன்று பேர் என்றால் நாளுக்கு 40,500 லிட்டர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீரை ஃபிளஷுக்குத் தனிக் குழாயில் விட்டிருந்தால், நல்ல தண்ணீரின் தேவை 27,000 லிட்டராகக் குறைய வேண்டும். லாரியில் மாதம் 150 நடை, நடைக்கு 12,000 லிட்டர் என்றால் நாளுக்கு 60,000 லிட்டர், ஆளுக்கு 200. கிணறோ மெட்ரோ வாட்டரோ தருவது இதற்கு மேல். இப்போதுதான் நூற்றைம்பது என்ற எண்ணுக்கு அர்த்தம் வருகிறது: எங்கோ தண்ணீர் வீணாகிறது.

கசிவு எவ்வளவு என்று கண்டுபிடிக்க அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் மேல்தொட்டியின் மட்டத்தை அளந்தால் போதும். அந்த இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடக் கூடாது. தொட்டி 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் பரப்பு 20 சதுர மீட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 200 லிட்டர் போயிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் 8 சென்டிமீட்டர் இறங்கினால் 1,600 லிட்டர். ஊரே தூங்கும் நேரத்தில் எழுந்தவர்கள் செலவழித்ததற்காக 200 லிட்டரைத் தாராளமாகக் கழித்தாலும் மணிக்கு 700 லிட்டர் கசிகிறது. நாளுக்கு 16,800 லிட்டர். ஒரு லாரிக்கும் மேல், தினமும், யாரும் குளிக்காமல் துவைக்காமல் காசு கொடுத்து வாங்கிச் சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீர். பெரும்பாலும் காரணம் பூமிக்கடியில் உடைந்த குழாய்கூட இல்லை. சத்தமே இல்லாமல் வழிந்துகொண்டிருக்கும் ஃபிளஷ் டேங்குகள்தான். இதற்குத் தேவை ஓர் அளவுகோலும், அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒரு காவலரும். இரண்டுமே ஏற்கெனவே நம்மிடம் உண்டு.

மின்சாரத்திலும் வகுத்தல்தான் வழி. அலுவலகக் கட்டடங்களுக்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2009-இல் நட்சத்திர மதிப்பீட்டைக் கொண்டுவந்தபோது, ஆண்டு முழுவதும் செலவான யூனிட்டைக் கட்டப்பட்ட பரப்பின் சதுர மீட்டரால் வகுக்கச் சொன்னது. அன்றைய அளவுப்படி, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில், பாதிக்கு மேல் ஏசி செய்த கட்டடம் 175 முதல் 200 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு நட்சத்திரம். 100-க்குக் கீழ் வந்தால் ஐந்து. 10,000 சதுர மீட்டர் அலுவலகம் ஆண்டுக்கு 18 லட்சம் யூனிட் எரித்தால் 180 வரும். (சிலர் சதுர அடியால் வகுத்துவிட்டுப் பதினேழுதான் வருகிறது என்று பெருமைப்படுவதும் உண்டு.) ஆனால் பகல் மட்டும் இயங்கும் வங்கியையும், அமெரிக்க நேரத்துக்கு விடிய விடிய விழித்திருக்கும் கால் சென்டரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. அதனால்தான் அத்தகைய இடங்களுக்கு இயங்கும் மணி நேரத்தாலும் வகுக்கும் தனி அளவு வைத்தார்கள். வகுக்கும் எண்ணை மாற்றினால் தீர்ப்பே மாறிவிடும்.

வாசலில் மாட்டியிருக்கும் பசுமைக் கட்டடப் பட்டயத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். புதுக் கட்டடத்துக்குத் தரும் பட்டயங்கள் பெரும்பாலும் வடிவமைப்பைப் பார்த்துத் தந்தவை. ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் மதிப்பீடு அப்படியல்ல, 12 மாத மீட்டர் அளவைப் பார்த்துத்தான் நட்சத்திரம் தரும். 1990-களின் நடுவில் பிரிட்டனில் புரோப் என்ற பெயரில் ஆய்வாளர்கள், கட்டி முடித்து ஆட்கள் குடியேறிய கட்டடங்களுக்குத் திரும்பப் போய் மின்செலவையும் அங்கே வேலை செய்பவர்களின் கருத்தையும் சேர்த்துப் பதிந்தார்கள். காகிதத்தில் சிக்கனமாக இருந்த பல கட்டடங்கள் நிஜத்தில் அப்படி இல்லை.

லிஃப்ட் கணக்கில் வேறொரு சங்கடம். மாதத்தில் 99 சதவீத நேரம் ஓடியது என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. 30 நாளில் 720 மணி நேரம். ஒரு சதவீதம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அது நள்ளிரவில் சர்வீஸுக்காக நிறுத்தியதா, காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் முழங்கால் வலிக்காரர்களும் காத்திருக்கும்போது நின்றதா என்று சதவீதம் சொல்லாது. எத்தனை முறை நின்றது, உள்ளே ஆள் மாட்டினாரா என்ற இரண்டும்தான் அங்கே முக்கியம்.

தீயணைப்பு அமைப்பை அளப்பது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அதன் வெற்றி என்பது எதுவுமே நடக்காமல் இருப்பது. பேனல் பச்சையாக எரிகிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் அங்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. குழாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தால் தானாக ஓடி ஈடுசெய்யும் ஜாக்கி பம்ப், நாளுக்கு எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை ஓடினால் சரி. மணிக்கு நாலைந்து முறை ஓடினால் குழாயிலோ வால்விலோ கசிவு இருக்கிறது. பல கட்டடங்களில் அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று சுவிட்சையே அணைத்து வைத்துவிடுகிறார்கள்.

எண் வந்துவிட்டால் அதை ஏமாற்றும் வழியும் கூடவே வந்துவிடும். டீசல் செலவைக் குறைத்தால் பாராட்டு என்றால், வாராந்தர ஜெனரேட்டர் சோதனை நின்றுபோகும். மின்வெட்டு வரும் நாளில்தான் பேட்டரி செத்தது தெரியும். மின்கட்டணத்துக்கு இலக்கு வைத்தால் மாலை நாலு மணிக்கே ஏசி நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிர்த்து இழுக்கும் இன்னொரு எண்ணைச் சேர்த்தே கேட்க வேண்டும்: டீசலோடு சோதனை ஓட்டம், மின்சாரத்தோடு அறை வெப்பநிலை, புகார் முடித்த வேகத்தோடு திரும்பி வந்த புகார். ஒவ்வொரு எண்ணிலும் அபராதத்தைக் கட்டித் தொங்கவிடுவதும் என் பார்வையில் தவறு. அபராதம் ஏறிய பதிவேட்டில் உண்மையை எழுத யாருக்கும் துணிவு வராது. இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும் பணத்தை இணையுங்கள். மற்றவற்றைப் பேசித் தீர்க்கலாம்.

எந்த அறிக்கையிலும் வராத ஓர் அளவு உண்டு: ஓராண்டில் எத்தனை எலெக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் மாறினார்கள்? எந்த வால்வை மூடினால் எந்தப் பிளாக்குக்குத் தண்ணீர் நிற்கும் என்பது வரைபடத்தில் இருக்காது, அங்கே மூன்று வருஷம் இருந்தவரின் தலையில் இருக்கும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்று முடிவெடுத்தால், அந்தச் சேமிப்பு இந்த ஊழியரின் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. ஆறு மாதத்தில் அவர் பக்கத்துக் குடியிருப்புக்குப் போய்விடுவார்.

உங்கள் சங்கத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்து புதுப்பிக்க வரும்போது, வண்ண அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு 12 மாதத் தண்ணீர், மின் மீட்டர் அளவுகளையும், திரும்பி வந்த புகார்களின் பட்டியலையும், வேலையை விட்டுப் போன ஊழியர்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். மீட்டரை நிறுவனத்தின் ஆள் படிக்கட்டும். மாதம் ஒருமுறை சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே போய்ப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.