‘தெரியாது’ என்பது விடையன்று



கோடை விடுமுறை நெருங்குகிறது. இங்கிலாந்தின் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் வெளியேறியதும் ஒப்பந்தக்காரர்கள் உள்ளே நுழையும் காலம் இது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் மின்கம்பி மாற்ற வேண்டும். வெப்பக் குழாய்களைப் பழுதுபார்க்க வேண்டும். உட்கூரைப் பலகைகளைப் புதுப்பிக்க வேண்டும். இத்தொழில்களில் நம்மவர் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கும், அவர்களிடம் வேலையை ஒப்படைக்கும் பாடசாலை நிருவாகங்களுக்கும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பாடசாலைச் சுவரைத் துளைத்து, அஸ்பெஸ்டஸ் தூசி பறந்த பின்னர் எப்போதும் ஒரே விடைதான் வருகிறது: “அது அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியாது.” பாடசாலைக் கட்டடத்தைப் பொறுத்தவரை இது விடையன்று, குற்றத்தின் இன்னொரு பெயர்.

ஏனெனில் தெரிந்துகொள்ளுமாறு சட்டமே கட்டளையிடுகிறது. பிரித்தானியாவில் நீல, பழுப்பு அஸ்பெஸ்டஸ் 1985இலும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் 1999இலும் தடைசெய்யப்பட்டன. ஆகவே 2000ஆம் ஆண்டுக்கு முன் எழுந்த எந்தக் கட்டடத்திலும் அது இருக்கக்கூடும். கல்வித் திணைக்களம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விவரம் அளித்த அரச நிதிப் பாடசாலைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானவற்றில் அது இருந்தது. 2012ஆம் ஆண்டின் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் 5ஆம் விதி சொல்வது இது: வேலையைத் தொடங்குமுன் அஸ்பெஸ்டஸ் உண்டா, என்ன வகை, எந்நிலையில் உள்ளது என்று கண்டறிய வேண்டும், ஐயம் இருந்தால் இருக்கிறது என்றே கொண்டு நடக்க வேண்டும். அறியாமையைச் சட்டம் சாக்காக ஏற்கவில்லை. அதையே ஆபத்தின் அடையாளமாகக் கொள்கிறது.

“பாடசாலை எங்களுக்குப் பதிவேட்டைத் தரவில்லை” என்பது அடுத்த சாக்கு. தர வேண்டியது பாடசாலையின் கடமை. கேட்க வேண்டியது உங்கள் கடமை. ஒருவர் தவறியதனால் மற்றவர் விடுவிக்கப்படுவதில்லை. பதிவேடு கையில் இருந்தாலும் அது போதும் என்று எண்ண வேண்டாம். அன்றாடப் பராமரிப்புக்கான ஆய்வு கண்ணுக்கும் கைக்கும் எட்டியதைத்தான் பார்க்கும். சுவரை உடைப்பதற்கும் உட்கூரையைக் கழற்றுவதற்கும் முன் புதுப்பிப்பு வேலைக்கெனத் தனி ஆய்வு வேண்டும். அது சுவரின் உட்புறத்தைத் திறந்து பார்க்கும். முதல் ஆய்வைக் காட்டி இரண்டாம் வேலையைச் செய்வோர் கண்ணைத் திறந்துகொண்டே குருடராக நடிப்போர்.

“நான்கு துளைகள்தானே” என்று சிரிப்போருக்கு ஒரு வழக்கை நினைவூட்டுகிறேன். 1970களில் நோஸ்லியில் பாடசாலை மாணவியாக இருந்த ஒரு பெண், பல பத்தாண்டுகளுக்குப் பின் மீசோதெலியோமா எனும் புற்றுநோய்க்கு ஆளானார். அவர் சுரங்கத்திலோ கப்பல் கட்டும் தளத்திலோ வேலை செய்தவர் அல்லர். பாடசாலையின் நடைவழியில் தொழிலாளர் உட்கூரைப் பலகைகளைக் கழற்றி மாட்டினர். உடைந்த பலகைகள் மாணவியர் கழிப்பறையில் அடுக்கப்பட்டிருந்தன. நகரசபையே பொறுப்பு என்ற தீர்ப்பை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதைக் கேட்க அந்தப் பெண் உயிரோடு இல்லை.

இதே அளவு தூசி ஐந்து வயதுப் பிள்ளைக்கும் முப்பது வயதுத் தொழிலாளிக்கும் ஒன்றல்ல. பிள்ளைக்கு மீசோதெலியோமா வரும் வாழ்நாள் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அரசின் புற்றுநோய்க் காரணிகள் பற்றிய ஆலோசனைக் குழு 2013இல் கூறியது. காரணம் எளியது. இந்நோய் பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்தே வெளிப்படும். அத்தனை ஆண்டுகள் வாழவிருப்பது பிள்ளைதான். ஒப்பந்தக்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போன பின்னும், தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற பின்னும், அந்த இழை அந்த நுரையீரலில் இருக்கும்.

“ஊரில் அஸ்பெஸ்டஸ் சீற் கூரையின் கீழ்தானே வளர்ந்தோம், நமக்கு என்ன வந்தது?” இது நம்மவர் வாயில் அதிகம் கேட்கும் வாதம். ஊரின் சீற்றில் இழை சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது. அதையும் வாளால் அறுத்தால் தூசி பறக்கும். பாதிப்பில்லை என்று எவரும் சான்று தரவில்லை. இங்குள்ள பாடசாலைகளின் சுவர்ப்பலகையும் குழாய்க் கவசமும் அதைவிட எளிதில் நொறுங்குபவை. அவற்றின் பெரும்பாலான வேலைகளை உரிமம் பெற்ற நிறுவனமே செய்யலாம்: 14 நாட்களுக்கு முன் அறிவித்தல், மூடி முத்திரையிட்ட அறை, இறுதியில் காற்றைச் சோதித்து மீண்டும் உட்புகலாம் எனும் சான்றிதழ். இவ்வளவும் வீண் சடங்கு என்பவர், வீட்டுத் தூசியுறிஞ்சியால் அந்தத் தூசியைத் துடைத்துவிட்டு, அதே சட்டையோடு போய்த் தம் குழந்தையைத் தூக்குகிறார்.

இந்தச் சடங்கு குருவாகிய எனக்கு அந்நியமன்று. லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். வீட்டுச் சுவரில் தொற்று எனும் ஐயம் எழுந்தால், வீட்டை முதலில் வெறுமையாக்க வேண்டும். குரு வந்து சோதிக்க வேண்டும். வீட்டைப் பூட்ட வேண்டும். கெட்ட கற்களைப் பெயர்த்து, சுரண்டிய பூச்சை ஊருக்கு வெளியே அதற்கென உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். மறுபடி சோதித்த பின்பே வீடு தூய்மையானது என அறிவிக்க வேண்டும். பாலைநிலத்தில் கூடாரத்தில் வாழ்ந்த மக்களுக்கு இந்த ஒழுங்கு இருந்தது. கணினியில் விலைமனு அனுப்பும் நமக்கு இல்லையா?

உண்மைக் காரணம் பணம். ஆய்வுச் செலவைச் சேர்த்து விலை கேட்பவர் தோற்கிறார். அதை விழுங்கிவிட்டுக் குறைத்துக் கேட்பவர் வெல்கிறார். குறைந்த விலையைத் தெரிவுசெய்யும் நிருவாகம், ஏன் குறைந்தது என்று கேட்பதில்லை. இதில் நமது திருச்சபைக்கும் பங்குண்டு. நிதியுதவி பெறும் கத்தோலிக்கப் பாடசாலைகள் பலவற்றில் இக்கடமையைச் சுமப்பது ஆளுநர் குழுவே. அதில் நம் பங்குமக்களும் குருக்களும் அமர்ந்திருக்கிறோம். அரசும் தப்ப முடியாது. 40 ஆண்டுகளுக்குள் வீடுகள் அல்லாத கட்டடங்களிலிருந்து அஸ்பெஸ்டஸை முற்றாக அகற்றக் காலக்கெடு வேண்டும் என்று நாடாளுமன்றக் குழு 2022இல் கேட்டது, அரசு மறுத்தது. தொடாவிட்டால் ஆபத்தில்லை என்பதே அரசின் வாதம். ஆயிரம் பிள்ளைகள் ஓடி விளையாடி, பந்தடித்து, கதவை அறையும் கட்டடத்தில் ‘தொடாத சுவர்’ எங்கே இருக்கிறது? நாட்டில் அஸ்பெஸ்டஸ் நோய்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 பேர் இறக்கின்றனர். இதற்குமேல் எதை அறிய வேண்டும்?

எனவே கேட்கிறேன். ஒப்பந்தக்காரரே, புதுப்பிப்பு ஆய்வைக் கண்ணால் காணாமல் கையொப்பமிடாதீர்; பயிற்சி பெறாத இளைஞனின் கையில் துளைகருவியைக் கொடுக்காதீர்; அவன் மாணவ விசாவில் வந்தவன், எதிர்த்துப் பேசமாட்டான் என்பதற்காகவே கொடுப்பீராயின் அது இரட்டைப் பாவம். தொழிலாளியே, ஐயம் எழுந்தால் வேலையை நிறுத்தும். அந்த இடத்தை விட்டு விலகி, பொறுப்பானவரிடம் சொல்லும். ஆளுநர்களே, பதிவேட்டை அலுமாரியிலிருந்து எடுத்து வேலையாட்களின் கையில் கொடுங்கள். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளுக்காக இக்கட்டடங்களை வாடகைக்கு எடுக்கும் நம் சங்கங்களே, வாடகையைப் பேசும்போதே இதையும் கேளுங்கள். பெற்றோரே, செப்டெம்பரில் பிள்ளையை அனுப்புமுன், விடுமுறையில் எந்தச் சுவர் உடைக்கப்பட்டது, ஆய்வு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

கேட்பவரை வம்புக்காரர் என்பார்கள். இருக்கட்டும். கேட்காதவருக்கு முப்பது ஆண்டுகளின் பின் மருத்துவமனைக் கட்டிலருகில் சொல்வதற்கு ஒரு சொல்லும் இராது.