வைப்பரா? நம்மூர்ல மழையா பெய்யுது?

டிஸ்கி: சினிமா விமர்சனம், கவுஜ எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். இது முழுக்க வண்டிக் கண்ணாடி துடைக்கிற தண்டு பத்தின புலம்பல்.

விருதுநகர்ல இருந்து சிவகாசி, சாத்தூர்னு எந்தப் பக்கம் போனாலும் சரி, பழைய வண்டி வச்சிருக்கிறவங்ககிட்ட "வைப்பர் ஓடுதா?"ன்னு கேட்டுப் பாருங்க. ஓடாதுன்னு கூடச் சொல்ல மாட்டாங்க. "இங்க மழையா பெய்யுது?"ன்னு நம்மளயே திருப்பிக் கேப்பாங்க. நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். வானம் பார்த்த பூமி, கரிசக்காடு. வெயில் காயுற ஊர்ங்கறதாலதான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சாபீசும் இங்க வேர் விட்டுச்சு. குச்சி காயணும், மருந்து காயணும், அடிச்ச தாள் காயணும். எல்லாம் காயுற ஊர்ல வைப்பர் ரப்பரும் சேர்ந்து காயுது, அதுக்கு உள்ள இருக்கிற கிரீசும் காயுதுங்கறதுதான் பிரச்சனையே.

இந்த வாதத்துல லாரியே போகலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமாரா 800 மில்லிமீட்டர் மழை. அது 12 மாசத்துக்கும் பங்கு போட்டுப் பெய்யறது இல்ல, அதுல பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும். தீபாவளி எப்ப வரும்? அக்டோபர் பாதிக்கும் நவம்பர் பாதிக்கும் நடுவுல. அதாவது சிவகாசி லாரி செட்டுகள்ல ராத்திரி பகலா லோடு ஏத்துற அதே நாட்கள்ல! அது முடிஞ்சா காலண்டர். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிச்சவங்க கட்டுக்கட்டா டெலிவரி குடுக்கறது நவம்பர், டிசம்பர்லதான். ஆக, ஒன்பது மாசம் தூங்கின வைப்பரை முதல் தடவையா எழுப்புறோம். எங்க? ராத்திரி, நாலுவழிச் சாலைல, பின்னாடி பட்டாசு லோடோட.

2023 டிசம்பர் 17, 18 மறந்திருக்காது. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். அன்னைக்குத் தெக்க போன வண்டிக்காரங்ககிட்ட "நம்மூர்ல மழையா பெய்யுது?"ன்னு கேட்டிருக்கணும்.

"அதுக்குத்தான் புகையிலை இருக்கே"ம்பாங்க அடுத்து. பீடியைப் பிரிச்சு தூளைக் கண்ணாடில தேய்க்கிறது, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கிறது. சும்மா சொல்லக்கூடாது, தூறலுக்கு வேலை செய்யும். தண்ணி முத்து முத்தா நிக்காம படலமா வழிஞ்சு போகும், ரோடு தெரியும். ஆனா வலுத்த மழைல அந்தப் பூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? முன்னாடி போற லாரி டயர் அள்ளி வீசுற கரிசல் சேத்தைப் புகையிலை துடைக்குமா? அப்புறம் டிரைவர் ஜன்னல் வழியா கையை நீட்டி துணியால துடைச்சுக்கிட்டே ஓட்டுவார். அமெரிக்காவுல மேரி ஆண்டர்சன்ங்கற அம்மா இந்தக் கொடுமையைப் பார்த்துட்டுத்தான், உள்ள உக்காந்தே லிவரை இழுத்துத் துடைக்கிற கருவிக்குக் காப்புரிமை வாங்கினாங்க. வருஷம் 1903! நாம இன்னும் துணியைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். என் கோபம் ஓட்டுறவங்க மேல கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, "முழு செட்டா மாத்திடுங்க"ன்னு சொல்ற பட்டறைகள் மேல.

மாமாகிட்ட ஒரு ஆம்னி இருக்கு, காலண்டர் கட்டு ஏத்துற வண்டி. (1984-ல வந்த மாடல், 2019-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ஆனா நம்ம பக்கம் அது ஓய்வு பெறுறதா இல்ல.) வைப்பர் பாதி தூரம் போய் முனகி நிக்கும், இல்லைன்னா ஃபியூஸ் போகும். பட்டறைல பானட்டைக்கூடத் தொடாம தீர்ப்பு சொல்லிட்டாங்க: "அண்ணாச்சி, மோட்டார் போச்சு. லிங்கோட சேத்து செட்டா மாத்திடலாம்." நாலாயிரத்துச் சொச்சம். மாமா என்கிட்ட, "விடு மாப்ள, தை பிறந்தா மழை நின்னுரும்"னார். பாருங்க, செட்டு விலையைக் கேட்டதும் மனுஷன் திரும்பப் புகையிலைக்கே போயிட்டார். முழுசா மாத்தச் சொல்றதோட விளைவு புது வைப்பர் இல்லங்க, வைப்பரே இல்லாத வண்டிதான்.

ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. மோட்டார் சுத்தும், அதுல ஒரு குட்டைக் கை, அதுல இருந்து கம்பிகள் ரெண்டு ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் ஆட்டும். ஸ்பிண்டில் மேலதான் வைப்பர் கை. மோட்டார் மேல பழி போடறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு (விரல் முக்கியம் மக்களே), மோட்டார் கையில இருந்து கம்பியைப் பிரிச்சு விடுங்க. கையை வெளிய எடுத்துட்டு ஒயரை மாட்டி ஓட விடுங்க. தனியா ஜம்முனு ஓடுதா? அப்ப மோட்டார் நிரபராதி. அப்புறம் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கையால திருப்பிப் பாருங்க. விரல்லயே திரும்பணும். மாமா வண்டில டிரைவர் பக்கத்து ஸ்பிண்டில் இடுக்கி போட்டாத்தான் திரும்புச்சு. அலுமினிய வீடு, இரும்புத் தண்டு, நடுவுல காஞ்ச கிரீசும் புழுதியும். மோட்டார் பாவம், செவுத்தைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கு!

லாக்கைக் கழட்டி, மரை கெடாம இருக்க நட்டைப் பாதி மாட்டி மரச்சுத்தியால தட்டினா தண்டு வந்துரும். டீசல்ல ஊற வச்சு, நைஸ் உப்புத்தாள்ல துடைச்சு, புது கிரீஸ் போட்டு மாட்டினோம். கம்பி முனைல ஆட்டம் இருந்துச்சு, அதான் வைப்பர் கண்ணாடி ஓரச் சட்டத்துல போய் 'டக் டக்'னு அடிச்சது. தேஞ்ச புஷ்ஷை எடுத்துட்டு லேத்துப் பட்டறைல நைலான் தண்டுல கடைஞ்சு வாங்கினோம். இருநூறு ரூபாய், ஒரு டீ. பித்தளைல கடையலாம்னார் லேத்துக்காரர், நான் வேண்டாம்னேன். பித்தளைக்கு விடாம கிரீஸ் வேணும், கிரீஸ்ல நம்மூர்ப் புழுதி ஒட்டினா அதுவே அரம் மாதிரி ராவிடும். கடைசியா மோட்டாரை ஒரு தடவை ஓட விட்டு அது தானா நிக்கிற இடத்துல நின்னப்புறம்தான் வைப்பர் கையை மாட்டணும். இதை விட்டுட்டு "வைப்பர் கோணலா நிக்குது, மோட்டார் சரியில்ல"ன்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறவங்க உண்டு.

"உயிர் சம்பந்தப்பட்ட சாமான்ல ஒட்டு வேலை பாக்கலாமா?"ன்னு ஒரு நண்பர் போன்ல கேட்டார். புது சாமான் நல்லதுதான், யார் இல்லைன்னா? மோட்டார் கையோட பல் வழிஞ்சு போயிருந்தா வெல்டிங் வைக்காதீங்க, மாத்துங்க. கம்பி வளைஞ்சிருந்தாலும் மாத்துங்க. ஆனா ஒட்டு வேலைன்னா எது? அளவெடுத்துக் கடைஞ்ச புஷ்ஷா, இல்ல கழண்ட ஜாயிண்டைக் கட்டுக்கம்பியால முறுக்கி, சைக்கிள் டியூபைச் சுத்தி விடறதா? தெருவுல ஓடுற குட்டியானைல, 407-ல எட்டிப் பாருங்க, ரெண்டாவதுதான் அதிகம் கண்ல படும். நம்ம சாப்ட்வேர் ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. எது வந்தாலும் 'ரீஸ்டார்ட்', இல்லைன்னா 'ரீஇன்ஸ்டால்'. அந்தப் பட்டறைக்காரருக்கும் நமக்கும் கைல இருக்கிற ஸ்பேனர்தான் வித்தியாசம் :-)

சட்டம் இருக்கான்னா, இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 101-ஆவது விதி, ஒழுங்கா வேலை செய்யுற, விசையால ஓடுற வைப்பர் இருக்கணும்னே சொல்லுது. ஆனா எஃப்.சி. அன்னைக்கு, காஞ்ச கண்ணாடி மேல நாலு தடவை கிரீச் கிரீச்னு போனா பாஸ். அடுத்த மழைல ஜாயிண்ட் கழண்டு வைப்பர் படுத்துக்கிட்டா கேஸ் யார் மேல? ஓனர் மேலயா, 'மழை பெய்யாது'ன்னு சொன்னவர் மேலயா? ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த டிரைவர் மேல. வண்டி அவரோடது இல்ல, லோடு அவரோடது இல்ல, இருநூறு ரூபாய் புஷ்ஷை மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட மூணு மாசமா கேட்டதுக்கும் அவர்கிட்ட ரசீது கிடையாது.

மாமா வண்டில இப்ப ரெண்டு வைப்பரும் ஓடுது. வாஷர் பைப்பு மட்டும் எலி கடிச்சுக் கிடக்கு. ஓனர்கள் யாராவது படிச்சா, ஆவணிலயே ஒரு பக்கெட் தண்ணியைக் கண்ணாடில ஊத்தி, வைப்பரை அஞ்சு நிமிஷம் விடாம ஓட்டிப் பாருங்க. லோடு ஏத்தினப்புறம் இல்ல.