நிலாவெளி வீதியில் ஒரு பந்தயம்

2012 செப்டம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் தடத்தில் 45 வயது இத்தாலியர் ஒருவர் 16 கிலோமீட்டரை 24 நிமிடம் 50 வினாடியில் கடந்தார். இரண்டு கால்களும் இல்லாதவர். மூன்று சில்லுச் சைக்கிளைக் கைகளால் சுற்றியே ஓட்டினார். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அலெக்ஸ் ஸனார்டி அன்று வென்றது லண்டன் பராலிம்பிக்கின் தங்கப் பதக்கம். இரண்டு நாள் கழித்து வீதிப் பந்தயத்திலும் தங்கம், பிறகு குழு அஞ்சலில் வெள்ளி. 2016இல் ரியோவில் இன்னும் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும். ஐம்பது வயதை எட்ட அவருக்கு அப்போது ஒரு மாதம்தான் பாக்கி.

அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனவுறுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த உறுதி பெரியதுதான். 2001 செப்டம்பர் 15ஆம் திகதி ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் தடத்தில், கார்ப் பந்தயத்தில் முன்னணியில் இருந்த அவருடைய கார் சுழன்று குறுக்கே வர, வேகமாக வந்த இன்னொரு கார் அதைப் பிளந்தது. கால்கள் போயின, இதயம் பல தடவை நின்று மீண்டது. 2003இல் அதே தடத்துக்குத் திரும்பி, கையால் இயக்கும் காரில், அன்று ஓடாமல் விட்ட 13 சுற்றுகளையும் ஓடி முடித்தார். 2007இல் நியூயோர்க் மரதனின் கைச்சைக்கிள் பிரிவில், சில வாரப் பயிற்சியோடு இறங்கி நான்காவதாக வந்தார். 2011இல் அதே பிரிவில் முதலிடம்.

ஆனால் உறுதிக்குப் பின்னால் வேறு சிலவும் இருந்தன. பந்தயக்கார் உலகில் வளர்ந்தவருக்குப் பொறியியல் கைவந்த விஷயம். தன் செயற்கைக் கால்களின் வடிவமைப்பிலேயே அவர் கைவைத்தார். ரியோவில் அவர் ஓட்டிய சைக்கிளை உருவாக்கியது பந்தயக் கார்கள் செய்யும் டல்லாரா நிறுவனம். நல்ல பந்தயக் கைச்சைக்கிள் ஒன்றின் விலை பல ஆயிரம் டாலர். உடல் நிலத்தை ஒட்டித் தாழ்ந்திருக்க வேண்டும், காற்று தடுக்கக் கூடாது, இரு கைப்பிடிகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சுற்ற வேண்டும். 2004இல் ஏதென்ஸில்தான் கைச்சைக்கிளோட்டம் பராலிம்பிக் பதக்கப் போட்டியானது. இயலாமையின் அளவுக்கு ஏற்ப எச்1 முதல் எச்5 வரை வகுப்புகள் உண்டு.

இனி நம் பக்கம் வருவோம். கையால் சுற்றும் சைக்கிள் இலங்கைத் தெருக்களுக்குப் புதிதல்ல. லொத்தர் விற்பவர்கள் அதில்தான் போகிறார்கள், வருகிறார்கள். 2006இல் மாவிலாற்றோடு மூண்ட சண்டை, அதற்கு முந்திய ஆண்டுகளின் மிதிவெடி, இப்போது வீதி விபத்து, நீரிழிவு என்று கால் இழந்தவர்கள் திருகோணமலை மாவட்டத்தின் எல்லாக் கரைகளிலும் இருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கியர் இல்லாத பாரமான இரும்பு வண்டியை வெயிலில் நாள் முழுக்கச் சுற்றுகிறவரிடம் ஒரு விளையாட்டு வீரரின் தோள் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்த வண்டி சமூக சேவை அலுவலகத்தின் உதவிப் பொருளாக மட்டுமே கணக்கில் வருகிறது. விளையாட்டு உத்தியோகத்தரின் மேசைக்கு அது வருவதேயில்லை. என் மனக்குறை இதுதான்.

இலங்கை பராலிம்பிக்கில் வென்ற ஐந்து பதக்கங்களும் மெய்வல்லுநர் போட்டிகளில் வந்தவை. 2021இல் டோக்கியோவில் 67.79 மீட்டர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், 2008இன் கடைசியில் கிளிநொச்சிப் போர்முனையில் காயப்பட்ட சிப்பாய். 2012இல் 400 மீட்டரில் வெண்கலம் பெற்ற பிரதீப் சஞ்சயவும் இராணுவத்தவர். காயப்பட்ட தன் ஆட்களுக்கு இராணுவம் மருத்துவமனையிலிருந்து மைதானம்வரை ஒரு வழி போட்டுக் கொடுத்தது. அது மெச்ச வேண்டிய காரியம். இந்தியாவிலும் பரா சைக்கிளோட்டம் இப்படித்தான் வேர்விட்டது. ஹைதராபாத்தில் ஆதித்யா மேத்தா தொடங்கிய அமைப்பு, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற படைகளின் காயப்பட்ட வீரர்களைச் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது.

சீருடை அணியாதவருக்கு அந்த வழி எங்கே? சம்பூரில் வயலுக்குப் போன இடத்தில் கால் இழந்தவரும், மூதூர் மீனவரும் எந்தப் படையணியின் பெயரைச் சொல்லிப் பயிற்சிக்குப் போவார்கள்? யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறது. பந்தயத் தடத்துக்குக் கூட்டிப்போவது அதன் வேலையல்ல. அது மாகாண விளையாட்டுத் திணைக்களத்தின் வேலை.

ஈட்டிக்கு ஒரு கோலும் மைதானமும் போதும். கைச்சைக்கிளுக்குப் பணம் வேண்டுமே என்பார்கள். உண்மைதான், உலகப் போட்டிக்கு வேண்டும். நாம் இங்கே நடத்தக்கூடிய முதல் போட்டிக்கு வேண்டாம். எல்லோரும் தங்களிடம் இருக்கிற வண்டியிலேயே ஓடட்டும். இருக்கையைத் தாழ்த்தி, பழைய சைக்கிளின் கியரைப் பொருத்தித் தர நகரத்து வெல்டிங் பட்டறைகளால் முடியும். உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை வீதி பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. ஞாயிறு விடியலில் இரண்டு மணி நேரம் மூடினால் யாருக்கும் பெரிய இடைஞ்சல் வராது. மூடத்தான் வேண்டும். 2020 ஜூனில் ஸனார்டி, போக்குவரத்து நிற்காத வீதியில் நடந்த ஓர் அஞ்சல் ஓட்டத்தில், லொறியோடு மோதித் தலையில் படுகாயமடைந்தார். நிலத்தை ஒட்டித் தாழ்ந்து ஓட்டுபவர் பெரிய வாகனச் சாரதியின் கண்ணில் படுவது கடினம்.

பெண்களுக்கும் தனிப் பிரிவு வைக்க வேண்டும். செர்னோபில் விபத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து உக்ரைனில் கால் குறைபாடுகளோடு பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஒக்சானா மாஸ்டர்ஸ், துடுப்புப் படகிலும் பனிச்சறுக்கிலும் பதக்கம் வென்ற பிறகு, டோக்கியோவிலும் பாரிஸிலும் கைச்சைக்கிளில் தலா இரண்டு தங்கம் வென்றார்.

ஓடியவர்களின் பெயரும் நேரமும் எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால், தேசிய பராலிம்பிக் குழுவிடம் போய் ஒரு பயிற்றுநரையும் வகுப்புப் பரிசோதனையையும் முதல் இரண்டு பந்தயச் சைக்கிள்களையும் கேட்கலாம். அந்தத் தாளை இந்த ஆண்டே தயாரித்துவிட முடியும்.