படம் பி.டி.எப். ஆக மறுத்தால்



பிள்ளை எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்கு மனுச் செய்கிறான். பிறப்புப் பத்திரம், மைகாட், தகப்பனாரின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து, பி.டி.எப். ஆக்கி அனுப்ப வேண்டும். கடைசி நாள் இரவு 11 மணிக்குப் படம் மாற மறுத்தால் வீடே கலங்கிப் போகிறது. "வாத்தியாரே, போன் கெட்டுப் போச்சு!" என்று ஓடி வருகிறார்கள். போன் கெடவில்லை ஐயா!

படத்தின் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாலை முதலில் பாருங்கள். ஜே.பி.ஜி., பி.என்.ஜி. என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. எச்.இ.ஐ.சி. என்றிருந்தால் அங்கேதான் சிக்கல். இடத்தை மிச்சப்படுத்த, ஐபோன்கள் 2017 முதல் இந்த வகையில் படங்களைச் சேமிக்கின்றன. பல செயலிகளுக்கு இது புரிவதில்லை. நம் இளைஞர்கள் சிலர் கெட்டிக்காரத்தனமாக வாலை மட்டும் ஜே.பி.ஜி. என்று மாற்றிவிடுகிறார்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலில் நல்லெண்ணெய் என்று எழுதி ஒட்டினால் தோசை சுட முடியுமா? செட்டிங்ஸில் கேமரா, அதில் பார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பத்திரத்தை மறுபடி படம் பிடியுங்கள். முன்பு எடுத்த படம் தானாக மாறாது.

பட்டணத்தில் இருக்கும் அக்காள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமா? அது மங்கலாக, மேலே ஓர் அம்புக்குறியோடு நின்றால் முழுதாக இறங்கவில்லை என்று பொருள். தோட்டத்து லைன் நமக்குத் தெரியாததா! அம்பைத் தொட்டு முழுதும் இறக்குங்கள்; இறங்காவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். போனில் இடம் நிறைந்திருந்தாலும் மாற்றம் பாதியில் நின்றுவிடும்.

இனி நான் சொல்வதைத் தாய்மார்களும் கவனிக்க வேண்டும். அவசரத்தில், இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் பிள்ளையின் மைகாட்டை ஏற்றிவிடுகிறோம். அந்தப் படம் யாருடைய கணினிக்குப் போகிறது, அங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று நமக்குத் தெரியுமா? அந்த வம்பே வேண்டாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் படத்தைத் திறந்து 'பிரிண்ட்' என்பதைத் தொட்டால், பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வழி வரும். அச்சு இயந்திரம் தேவையில்லை, காசும் இல்லை.

மாறியதும் ஒரு தடவை திறந்து, பெரிதாக்கி, மைகாட்டின் 12 எண்களும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.