ஓடினால் போதுமா?

வடசென்னையில் வீடியோ ஃபைல் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "ஓடுதா?" ஓடினால் நல்ல ஃபைல். ஓடாவிட்டால், "எம்பி4-க்கு மாத்திக் குடுப்பா". அத்தோடு விஷயம் முடிந்தது.

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேட ராயபுரத்திலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாரில் விசிடி வாங்கிய காலத்துப் பழக்கம் இது. விசிடி என்றால் எம்பெக்-1. படத்தின் அளவு 352x288 புள்ளிகள். ஒரு தட்டில் 80 நிமிடத்துக்கு மேல் ஏறாது, அதனால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று தட்டு. பிறகு டிவ்எக்ஸ் வந்து முழுப் படத்தையும் 700 எம்பி சிடி ஒன்றில் அடைத்தது. சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக இருக்கும். உடனே கண்ட கண்ட கோடெக் பேக்கை எல்லாம் இறக்கி, கம்ப்யூட்டரையே படுக்க வைத்தவர்கள் எத்தனை பேர் :-)

சினிமாவைப் பொறுத்தவரை இதனால் பெரிய நஷ்டமில்லை. தேய்ந்த பிரதி போனால் நல்ல பிரதி வேறெங்காவது இருக்கும். ஆனால் சொந்த போனில் எடுத்த வீடியோவுக்கு வேறு பிரதியே கிடையாது. அங்கேயும் அதே "ஓடினால் போதும்" என்பதுதான் தப்பு.

எண்ணூரைப் பாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. பிறகு கரையில் ஆட்கள் வாளி வாளியாக எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் கிளம்பியது ஊர்க்காரர்களின் போன்கள்தான்.

அந்த வீடியோக்கள் பிறகு என்ன ஆகும்? வாட்ஸ்அப்பில் போகும். வாட்ஸ்அப் வீடியோவை அப்படியே அனுப்பாது. சின்னதாக்கி, மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். எடுத்த நேரம், இடம் என்று போன் உள்ளே எழுதி வைத்த விவரங்கள் போய்விடும். ஃபைல் பெயரில் நிற்கும் தேதி கூட வந்து சேர்ந்த தேதிதான், எடுத்த தேதி இல்லை. நாலு குரூப் தாண்டினால் எண்ணெய் எது, நிழல் எது என்றே தெரியாது. இதற்கிடையில் போனில் இடமில்லை என்று மூல ஃபைலை அழித்திருப்பார்கள். வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜெராக்ஸின் ஜெராக்ஸை ஆடிட்டரிடம் நீட்டுவது போல.

"எம்பி4-க்கு மாத்து" என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் டப்பாக்கள். உள்ளே இருக்கும் சாப்பாடுதான் கோடெக்: எச்.264, எச்.265, ஏவி1. சாதத்தை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ருசி கெடாது. அரைத்து மறுபடி வேகவைத்தால் கெடும். இலவச கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் செய்வது இரண்டாவது வேலை. புது போனில் எடுத்த எச்.265 வீடியோ பழைய லேப்டாப்பில் ஓடவில்லையா? ஃபைலைத் தொடாதீர்கள், பிளேயரை மாற்றுங்கள். 1996-இல் பாரீஸில் மாணவர்கள் தொடங்கி, 2001 முதல் கட்டற்ற மென்பொருளாக இருக்கும் விஎல்சி இதற்குப் போதும். காசும் கேட்காது.

டப்பாவை மட்டும் மாற்ற எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. நடுவில் வேண்டிய இடத்தை வெட்ட லாஸ்லெஸ்கட். வெட்டு ஓரிரு நொடி முன்னே பின்னே விழலாம், ஆனால் படம் தேயாது. தலைப்பு, இசை எல்லாம் சேர்க்கணும் என்றால் கேடன்லைவ், ஷாட்கட். அப்போது மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும். செய்யுங்கள், பிரதியில் செய்யுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

"மீனவருக்கு இதெல்லாம் எதுக்குப்பா, பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்கே கட்டுப்பட்டதில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி அது உண்மைதான். ஆனால் எல்லா வழக்கும் அங்கேயே முடிவதில்லை. மூலக் கருவியைக் கோர்ட்டில் காட்ட முடியாவிட்டால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் ஃபைலின் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கன்வெர்ட் செய்தவருக்கு ஃபைல் "ஓடும்". எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது வேறு ஃபைல். அவருக்கு அது போதாதா?

இத்தனைக்கும் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், 2 ஜிபி வரை. மூலத்தை அன்றைக்கே பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ இரண்டு இடத்தில் போட்டு வைக்க வேண்டும். குப்பத்துக்கு ஒரு காலேஜ் பையனோ பொண்ணோ இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் போதும். படம் டவுன்லோட் பண்ணத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அடுத்த கசிவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் எல்லோர் கையிலும் போன் இருக்கும், எல்லோரும் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதைக் கேட்கும்போது மூல ஃபைல் யாரிடமாவது இருக்குமா என்பதுதான் கேள்வி.